சம்பா அறுத்த வயல்ல சூரியகாந்தியா, உளுந்தா, எள்ளா? ஒரு டெல்டா கணக்கு

தை கடைசில அறுப்பு முடிஞ்சுதுன்னா டெல்டாவுல எந்த டீக்கடைக்குப் போனாலும் ஒரே பேச்சுதான், அடுத்து என்னத்த போடுறது. ஜனவரி 28ந்தேதியோட மேட்டூர் தண்ணி நின்னுடும், மறுபடி ஜூன் 12ந்தேதி, அதுவும் அணையில தண்ணி இருந்தா. நடுவுல கிடக்கிறது நாலரை மாசம். இதுல பாதிப் பேரு உளுந்த தெளிச்சு விட்டுட்டு சிவனேன்னு இருந்துடுவாங்க, மன்னார்குடி திருவாரூர் பக்கம் பருத்தி, மணப்பாங்கான நிலம் இருந்தா எள்ளு, சொந்தமா போர்வெல் வச்சிருக்கிறவங்க கோடை நெல்லு. சூரியகாந்தி அங்கொன்னு இங்கொன்னு. இருக்கிற ஒன்னு ரெண்டு வயலும் ரோட்டோரமா இருந்துச்சுன்னா வண்டிய நிறுத்தி செல்ஃபி எடுக்கத்தான் கூட்டம் நிக்குது, வரப்பு மிதிபட்டுப் போவுது.

இருந்தாலும் இப்ப இளவட்டம் நெறைய பேரு இதப்பத்தி கேக்க ஆரம்பிச்சிருக்காங்க. எங்க அக்கா பையன் திருப்பூர்லேர்ந்து வந்து ஊரோட இருக்கான், மூணு மா நிலம், அதாவது ஒரு ஏக்கர். போன வாரம் வந்து, "மாமா, சூரியகாந்தி ஏக்கருக்கு ஏழு குவிண்டால் வருதாம், உளுந்து ரெண்டு ரெண்டரைதானே வருது, ஏன் இத போடக்கூடாது"ங்குறான். கேள்வி நியாயமானதுதான். ஆனா அதுக்குப் பதில் ஒத்த வரில சொல்ல முடியாது, அதனால உக்காந்து எழுதிட்டேன்.

மொதல்ல பேப்பர் கணக்க பாத்துடுவோம். 2025-26க்கு மத்திய அரசு அறிவிச்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு சூரியகாந்தி 7,721 ரூவா, உளுந்து 7,800, பச்சைப்பயறு 8,768, எள்ளு 9,846, நடுத்தர இழை பருத்தி 7,710. சூரியகாந்தி வீரிய ஒட்டு ரகம், தண்ணி பாய்ச்சி ஒழுங்கா செஞ்சா 7 குவிண்டால் வருதுன்னு வச்சுக்குவோம், 54,000 ரூவா. உளுந்து ரெண்டரை குவிண்டால்னா 19,500. எள்ளு மூணு குவிண்டால் எடுத்தா 29,500. இத பாத்தா எவனுக்குமே சூரியகாந்தி பக்கம்தான் கண்ணு போவும். பையன் பாத்ததும் இந்தக் கணக்கத்தான்.

செலவ போடு பாப்போம். உளுந்துக்கு உழவே கிடையாது. நெல்லு நிக்கும்போதே, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாளு முன்னாடி, மெழுகு பதத்துல ஈரம் இருக்கிறப்ப ஏக்கருக்கு 10, 12 கிலோ விதைய தெளிச்சு விடுறோம், அம்புட்டுதான். அப்புறம் பூக்கிறப்ப ரெண்டு சதவீத டிஏபி உரக் கரைசல ஒரு தடவை, பதினஞ்சு நாள் கழிச்சு இன்னொரு தடவை, இல்ல வேளாண் பல்கலைக்கழகத்தோட பயறு ஒண்டர்ங்கிற சத்துக் கலவை. 70, 75 நாள்ல பறிப்பு. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் விட்ட ஏடிடி 3 ரகமே இந்த நெல் தரிசுக்குன்னு வந்ததுதான், பனியும் மிச்ச ஈரமும் போதும்னு நிக்கும். எல்லாம் சேத்து 6,000, 7,000 ரூவாய்க்குள்ள முடிச்சுடலாம். விளையலைன்னா கூட கையக் கடிக்காது. தழையும் பொட்டும் மாட்டுக்கு ஆச்சு, வேருல தழைச்சத்து நிலத்துக்கு ஆச்சு.

உளுந்துலயும் வில்லங்கம் இல்லாம இல்ல. கை அறுப்பு காலத்துல இருந்த வசதி இப்ப இல்ல, முளைச்சு ரெண்டு இலை விட்டிருக்கிறப்ப அறுப்பு மிஷின் ஏறி இறங்கிச்சுன்னா செயின் போன தடமெல்லாம் சொட்டை. அதனால சில பேரு அறுப்புக்கு நாலஞ்சு நாளைக்கு முன்னாடி தெளிக்கிறாங்க, சில பேரு அறுத்து வைக்கோல் கட்டினப்புறம் தண்ணி வுட்டு விதைக்கிறாங்க. மஞ்சள் தேமல் நோய் வந்துச்சுன்னா அதுவும் போச்சு.

சூரியகாந்திக்கு வருவோம். இது களிமண்ணுல தெளிச்சு விட்டு வர்ற பயிர் இல்ல. தண்ணி தேங்கினா ரெண்டு நாள்ல முகம் வாடிடும். சம்பா அறுத்த களிவயல்ல மிஷின் தடம் முழங்கால் பள்ளமா கிடக்கும், அது காஞ்சு உழவு பதத்துக்கு வரவே ரெண்டு வாரம், அப்புறம் ரோட்டவேட்டர், அப்புறம் ரெண்டடிக்கு ஒரு பார் புடிக்கணும், பாருக்கு பக்கவாட்டுல அடிக்கு ஒரு விதை ஊனணும். ஏக்கருக்கு ரெண்டு ரெண்டரை கிலோ விதைதான், ஆனா அது ஒட்டு விதை, வருசா வருசம் புதுசா வாங்கணும், வீட்டு விதைய எடுத்து வைக்கிற பேச்சே கிடையாது. உரம் நெல்லு மாதிரியே கேக்கும், மணிச்சத்தும் சாம்பல் சத்தும் கூடவே கேக்கும். களை ரெண்டு தடவை. தண்ணி மொட்டு கட்டுறப்ப, பூக்கிறப்ப, மணி பிடிக்கிறப்ப இந்த மூணு நேரமும் தப்பவே கூடாது. வாய்க்கா மூடின காலத்துல இதுக்கு சொந்தமா போர் இருக்கணும், இல்ல பக்கத்துக்காரர் போர்ல மணிக்கணக்கு காசு கொடுத்து பாய்ச்சணும், அப்புடி பாய்ச்சினா கணக்கு அங்கேயே உதைக்கும். எங்க பக்கத்து கூலிக்கு 25,000 கிட்ட போயிடும்.

நாள் கணக்கும் இருக்கு. 85லேர்ந்து 95 நாள் பயிர். வருசம் பூரா எப்ப வேணா போடலாம்னு சொல்லுவாங்க, பகல் நீளத்துக்கு கட்டுப்படாத செடி, அது நெசம். ஆனா பூக்கிற நேரத்துல வெயில் 38, 39 டிகிரின்னு ஏறிச்சுன்னா மகரந்தம் கருகி மணி பிடிக்காது, பூ பாக்க பெருசா இருக்கும், உள்ள தட்டினா பொக்கு. ஆக மாசி பத்துக்குள்ள விதை மண்ணுல விழுந்தாகணும், அப்பத்தான் அக்னி நட்சத்திர வெயிலுக்கு முன்னாடி பூத்து முடியும். சி.ஆர் 1009 மாதிரி நாள்பட்ட நெல் ரகம் போட்டவங்களுக்கு அறுப்பே மாசில வருது, அவங்க இந்த யோசனையவே விட்டுடலாம். ஒரு நல்லது என்னன்னா வைகாசிக்குள்ள நிலம் காலியாயிடும், குறுவைக்கு இடைஞ்சல் இல்ல. பருத்தில அதான் பெரிய தொல்லை, 150 நாள்னு இழுக்கும், ஆனில தண்ணி வர்ற நேரத்துல இங்க காய் வெடிச்சுகிட்டு நிக்கும், பருத்திய வச்சுக்கிறதா குறுவைய வுடுறதான்னு ஆயிடும். பஞ்சு எடுக்க ஆளும் கிடைக்கல. ஒரு ஏக்கர்காரனுக்கு பருத்தி வேண்டாங்கிறதுதான் என் கருத்து, அதுக்கு மேல அத பத்தி பேசல.

இப்ப பூவுக்கு வர்றேன், இங்கதான் நெறைய பேரு ஏமாறுறது. சூரியகாந்தி பூன்னு நாம சொல்றது ஒத்தப் பூ கிடையாது. சுத்தி மஞ்சளா இருக்கிற இதழ் இருக்கே, அது ஒவ்வொன்னும் தனித்தனி மலட்டுப் பூ, பூச்சிய கூப்பிடத்தான் அது. நடுவுல தட்டு மாதிரி இருக்கிறதுல நூத்துக்கணக்குல, பெரிய தட்டுன்னா ஆயிரத்துக்கு மேலயும் குட்டிப் பூ இருக்கும், அந்த ஒவ்வொன்னும்தான் ஒரு விதை. அது ஒரே நாள்ல பூக்காது, வெளி வட்டத்துல ஆரம்பிச்சு தினம் ரெண்டு மூணு வரிசையா உள்ள நோக்கி பூத்துகிட்டே போவும், ஒரு வாரம் பத்து நாள் ஆவும். அந்தப் பத்து நாளும் தேனீ வந்தா விதை, வரலைன்னா பொக்கு. சாமந்தி, செண்டிங்கிற செண்டுமல்லி, நம்ம வரப்புல முளைக்கிற கரிசலாங்கண்ணி எல்லாத்துக்கும் இதே அமைப்புதான், எல்லாம் ஒரே குடும்பம். பழைய ரகங்கள்ல தன் மகரந்தத்துல தானே விதை பிடிக்கிறது ரொம்ப கம்மி. 1969ல ரஷ்யாவுலேர்ந்து ரகங்கள் கொண்டாந்துதான் இந்தியாவுல எண்ணெய்க்குன்னு சூரியகாந்தி சாகுபடியே ஆரம்பிச்சுது, அப்பலேர்ந்து இந்தப் பொக்கு பிரச்சனை கூடவே வருது. 1980ல பெங்களூர்லேர்ந்து பி.எஸ்.எச் 1ங்கிற ஒட்டு ரகம் வந்தப்புறம் ஒட்டு ரகங்கள்ல கொஞ்சம் பரவால்ல, ஆனாலும் தேனீ இருந்தா வர்ற மகசூல் வேற, இல்லாம வர்றது வேற.

நம்ம டெல்டாவுல பங்குனில தேனீக்கு என்ன இருக்கு சொல்லு. கண்ணுக்கெட்டுன வரை நெல்லுத் தாளும் உளுந்தும்தான். ஏக்கருக்கு ரெண்டு தேனீப் பெட்டி வைக்கச் சொல்றாங்க, வச்சா நல்லதுதான், ஆனா அக்கம்பக்கத்துல உளுந்துக்கு பூச்சி மருந்து அடிச்சா அதுவும் காலி. பெட்டி இல்லாதவன் கையாலதான் செய்யணும். காலைல 9 மணிலேர்ந்து 11 மணிக்குள்ள, பனி காஞ்சப்புறம், மெல்லிசான பழைய வேட்டித் துணிய உள்ளங்கையில சுத்திகிட்டு பூவோட முகத்துல லேசா தடவிகிட்டே போவணும், அழுத்துனா குட்டிப் பூவெல்லாம் நசுங்கிடும், துணி மஞ்சப்பொடி பூசுன மாதிரி ஆயிடும், அதே துணியோட அடுத்த பூ. துணி இல்லைன்னா பக்கத்துப் பக்கத்து செடில ரெண்டு பூவை முகத்தோட முகம் வச்சு தேய்ச்சு வுடலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், நாலஞ்சு தடவை. ரெண்டடிக்கு அடின்னு நட்டா ஏக்கருக்கு 22,000 செடி நிக்கும். 22,000 பூவ நாலு தடவை. வீட்டுல ரெண்டு மூணு பேரு இறங்கினா ஆவும், கூலிக்கு ஆள் வச்சு செஞ்சா அந்த 7 குவிண்டால்ல ஒன்ன அங்கேயே எழுதிக் கொடுத்துடணும்.

அதோட இதழ் விரியிறப்ப லிட்டருக்கு ரெண்டு கிராம் போராக்ஸ் கரைச்சு பூ மேல அடிச்சா மணி நல்லா பிடிக்கும், செலவும் கம்மி, இத மட்டும் விடாதீங்க. பூ இருக்கிறப்ப பூச்சிமருந்து கூடவே கூடாது. செல்ஃபி கூட்டத்துக்கு ஒரு தகவல், இளஞ்செடிதான் சூரியனோட சேந்து திரும்பும், பூத்து முதிர்ந்துட்டா கிழக்க பாத்தே நின்னுடும். காலை வெயில் மூஞ்சில பட்டு பூ சீக்கிரம் சூடேறும், தேனீயும் அந்த சூட்டுக்கு நெறைய வரும். சாயங்காலம் வந்து நின்னீங்கன்னா ரோட்டுக்கு கிழக்கால இருக்கிற வயல்ல முதுகுதான் தெரியும்.

அடுத்தது கிளி. மணி பால் பிடிக்கிற அன்னைக்கே அதுக்கு எப்புடி தெரியும்னு தெரியாது, வந்துடும். பூ மேல உக்காந்து தலைய கீழ கவுத்து ஓரத்து வரிசைலேர்ந்து ஒவ்வொரு விதையா உருவி, தோல துப்பி, பருப்ப திங்கும், அடில பாத்தா கருப்புத் தோலா கொட்டிக் கிடக்கும். ஒரு பூவ முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போனாலாவது பரவால்ல, நாலு பூவுல கால்வாசி கால்வாசின்னு தின்னுட்டுப் போவும். தகர டப்பா, மினுக்கு நாடா எல்லாம் நாலு நாளைக்குத்தான், அப்புறம் அதுவே அது மேல உக்காரும். காலை வெளுக்கறப்பவும் சாயங்காலமும் ஆள் நின்னு கத்தணும், மூணு வாரம்.

இங்க ஒரு விஷயம் கவனிக்கணும். ஊர்ல அம்பது ஏக்கர் சூரியகாந்தி இருந்தா வர்ற கிளி அம்பது ஏக்கருக்கும் பங்கு பிரிச்சுக்கும், ஒவ்வொருத்தனுக்கும் நஷ்டம் வரப்போரத்தோட போயிடும். ஒருத்தன் மட்டும் ஒரு ஏக்கர் போட்டா வட்டாரக் கிளி மொத்தமும் அவன் வயல்லதான். தேனீக்கும் அதே கதை, நெறைய பூ இருக்கிற எடத்துக்கு பெட்டிக்காரன் அவனே தேடிகிட்டு வருவான், ஒத்த ஏக்கருக்கு எவன் வருவான். ஆடு மாடும் அப்புடித்தான். அறுப்பு முடிஞ்சா நம்ம ஊர்ல மாட்ட அவுத்து விட்டுருவாங்க, ராமநாதபுரத்துலேர்ந்து கிடை ஆடு வேற வந்து இறங்கும், வாத்துக்காரங்க வேற. ஊரே உளுந்து போட்டிருந்தா பறிப்பு முடியிற வரை மாட்ட கட்டி வையின்னு ஊரே சொல்லும். உளுந்து பறிச்சு மாட்ட அவுத்துவிட்டப்புறமும் பச்சையா நிக்கிறது உன் சூரியகாந்தி ஒன்னுதான்னா யார்கிட்ட போய் பஞ்சாயத்து வைப்ப? வேலி போடணும், அது தனி செலவு.

என்னைக் கேட்டா விலைய விட, மண்ண விட இதுதான் முடிவ தீர்மானிக்கிற விஷயம். சூரியகாந்தி தனியா போடுற பயிர் இல்ல, சேந்து போடுற பயிர். பக்கத்து வயக்காரன் நாலு பேரு சேந்து பத்து ஏக்கராவது ஒரே வாரத்துல விதைச்சாத்தான் இது ஆவும்.

விக்கிறதும் இதே சங்கதிதான். உளுந்த எந்த ஊர் யாவாரியும் வீட்டு வாசல்ல வந்து எடை போட்டு எடுத்துகிட்டுப் போவான், விலை கொஞ்சம் அடிப்பான், ஆனா எடுத்துப்பான். எள்ளுக்கும் அப்புடித்தான், போதாததுக்கு மரச்செக்கு இல்லாத டவுனே இல்ல, ஆட்டி நல்லெண்ணெயா வித்தா இன்னும் கூட நிக்கும், புண்ணாக்கு மாட்டுக்கு. சூரியகாந்திய இங்க எவன் வாங்குவான்? அதுக்கு ஏலம் நடக்கிற எடம்னா வெள்ளகோவில், முத்தூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், திருச்சி கரூர் தாண்டி போவணும், அங்கதான் எண்ணெய் மில்லுக்காரங்க வந்து ஏலம் எடுக்கிறாங்க. 7 குவிண்டால அங்க ஏத்திகிட்டுப் போனா வண்டி வாடகைக்கே சரியாப்போவும், நாலு பேரு சேந்து ஒரு லாரி லோடு போட்டாத்தான் கட்டும். அங்கயும் ஆதரவு விலை கிடைச்சே ஆகணும்னு ஒன்னும் இல்ல, ஏலம் ஏலம்தான். அந்த ஏலத்து விலைய ஆட்டுறது எங்கியோ இருக்கிற உக்ரைனும் ரஷ்யாவும் அர்ஜென்டினாவும். நாம திங்கிற சூரியகாந்தி எண்ணெய்ல பெரும்பங்கு அங்கேர்ந்துதான் கப்பல்ல வருது. 2022ல உக்ரைன் சண்டை வந்தப்ப எண்ணெய் விலை எகிறுனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2024 செப்டம்பர்ல கச்சா சமையல் எண்ணெய் இறக்குமதி வரிய 20 சதவீதமா ஏத்தினாங்க, 2025 மே கடைசில 10 சதவீதமா குறைச்சுட்டாங்க. டில்லில ஒரு கையெழுத்து, இங்க நம்ம மூட்டை விலை எறங்கும். இருபது வருசத்துக்கு முன்னாடி நாடு முழுக்க 20 லட்சம் எக்டேருக்கு மேல இருந்த பயிர் இப்ப அதுல பத்துல ஒரு பங்கு அளவுக்கு வந்து நிக்குதுன்னா, விவசாயி சும்மா விட்டுட்டுப் போவலை.

அப்ப எள்ளு? மணல் கலந்த நிலம், அரைகுறையா தண்ணி வர்ற போர், ஆள் கம்மி, இந்த நிலைமைக்கு எள்ளுதான். மாசிப் பட்டத்துல விதைச்சா 80, 85 நாள், ரெண்டு தண்ணி, செலவு 10,000த்துக்குள்ள. ஆடு மாடும் எள்ளுச் செடிய அவ்வளவா சீண்டாது, கிளி பயம் இல்ல. பயப்பட வேண்டியது ரெண்டு. ஒன்னு பூ இலையா மாறிப் போற பூவிலை நோய், தத்துப்பூச்சி பரப்புறது, கண்டா உடனே புடுங்கிடணும். இன்னொன்னு வைகாசி கோடை மழை, அறுத்து அடுக்கி வச்சிருக்கிற நேரத்துல ஒரு மழை பேஞ்சுதுன்னா எள்ளு கருத்து முளைச்சு நாறிடும். மழை சூரியகாந்தியையும் கெடுக்கும், பூவோட பின்பக்கம் பள்ளமா இருக்கறதால தண்ணி நின்னு அழுகும், ஆனா எள்ளு அளவுக்கு இல்ல.

பையனுக்கு நான் சொன்னது இதுதான். அவன் நிலம் பாபநாசம் பக்கம் களி, போர் கிடையாது, சுத்தி எல்லாரும் உளுந்து. அவனுக்கு உளுந்துதான், ரெண்டாவது யோசனையே வேண்டாம். இதே அவன் நிலம் ஒரத்தநாடு பேராவூரணி பக்கம் கல்லணைக் கால்வாய் பாசனத்துல, செம்மண் கலந்த வடிகால் நல்லா இருக்கிற கொல்லையா இருந்து, சொந்த போரும் இருந்து, பங்காளி நாலு பேரு சேர்றேன்னு சொன்னா நானே சூரியகாந்தி போடுடான்னு சொல்லியிருப்பேன். அந்தப் பக்கம் கஜா புயல்ல தென்னை போயி வெறுங்கொல்லையா கிடக்கிற எடத்துல எல்லாம் இத செஞ்சு பாக்கலாம், 2018லேர்ந்து சும்மா கிடக்கிறதுக்கு எவ்வளவோ தேவல.

அவன் முகம் சுண்டிப் போச்சு. "மஞ்சப் பூவா ஏதாவது போட்டே ஆகணுமா மாப்ள உனக்கு"ன்னு கேட்டுட்டு செண்டிப்பூவ சொன்னேன். இதுவும் சூரியகாந்திக்கு பங்காளி முறைதான், ஆனா இதுல விதைக்கு காத்திருக்க வேண்டாம், கிளி கிடையாது, ஆடும் வாசனைக்கு ஒதுங்கிப் போவும். வீட்டுக்குப் பின்னாடி கொல்லைல பத்து சென்ட் போதும், குழாய்த் தண்ணியே பாய்ச்சலாம். நாத்து விட்டு ஒரு மாசத்துல நடணும், நட்ட ஒரு மாசத்துல நுனிய கிள்ளி வுடணும், கிள்ளலைன்னா ஒத்தக் குச்சியா போய் நாலு பூவோட நின்னுடும், கிள்ளினா பக்கக் கிளை வெடிச்சு புதரா வரும். ரெண்டு மாசத்துல பூவ எடுக்க ஆரம்பிக்கலாம், மூணு நாளைக்கு ஒரு பறிப்பு. தஞ்சாவூர் பூக்காரத்தெருவுக்கோ கும்பகோணத்துக்கோ காலைல பஸ்ல போட்டு அனுப்பலாம். விலை மட்டும் பேயாட்டம் ஆடும், முகூர்த்தம் இல்லாத நாள்ல பறிகூலிக்குக் கூட கட்டாது, சித்திரை வைகாசி முகூர்த்தத்துல அதே பூவ தேடி வருவாங்க. அதனாலதான் ஏக்கர் கணக்குல வேண்டாம், வீட்டு ஆளு பறிக்கிற அளவுக்கு மட்டும். அந்த எடத்துல அடுத்து கத்திரி, தக்காளி வச்சா வேர்முடிச்சு நூற்புழு தொல்லையும் குறையும்.

சேந்து போட ஆள் இருக்கிறவங்க, சூரியகாந்தின்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா ரெண்டு விஷயம். விதைப் பாக்கெட்டுல ரகமும் காலாவதி தேதியும் பாத்து பில்லோட வாங்கி, அறுப்பு வரை அந்த பில்லையும் காலிப் பாக்கெட்டையும் தூக்கிப் போடாதீங்க. அறுப்பு எப்பன்னா பூவோட பின்பக்கம் பச்சை மாறி எலுமிச்சை மஞ்சளுக்கு வந்ததும் வெட்டிடணும், முழுசா காயட்டும்னு விட்டா அந்த நாலு நாளும் கிளிக்குத்தான். வெட்டினத குமிச்சு வைக்காம களத்துல பரப்பி காய வச்சு அடிங்க, குமிச்சா பூஞ்சாணம் புடிச்சு எண்ணெய் கசக்கும், ஏலத்துல மூட்டைய பிரிச்சு மோந்து பாத்தே விலைய குறைச்சுடுவாங்க.